வெள்ளிக்கிழமைப் பாத்திரம்

ஐடெல்லா க்ரம்ப் நிம்மதியாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்கூட பெஞ்சின் நுனியில்தான் இருப்பாள், யாரோ கூப்பிட்டு எழுந்து போகப் போகிறவளைப் போல. பேசிக்கொண்டே மேஜை துடைப்பாள். மேஜை சுத்தமாக இருந்தால் ஜன்னலைத் துடைப்பாள். அவளைப் பெட்டிக்குள் கிடத்தி, கைகளை மார்பின்மேல் சேர்த்து வைத்த பிறகும், கால்கள் மட்டும் எங்கோ கிளம்பப் பார்ப்பவை போலத்தான் இருந்தன.

மேக்கன் நகரத்தில் விடிகாலை முதல் பஸ் அவளைப் போல வீட்டு வேலைக்குப் போகும் கறுப்புப் பெண்களுடையது. முன்பக்க இருக்கைகள் வெள்ளைக்காரர்களுக்கு, அந்த நேரத்தில் காலியாகவே போகும். பின்பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வீடுகளுக்கு எல்லோரும் போவார்கள். எந்த வீட்டு எஜமான் ராத்திரி குடித்துவிட்டு விழுந்தான், எந்த வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு அட்லாண்டாவுக்குப் போனாள் என்பதெல்லாம் அந்தப் பின்பக்கத்தில் அலசப்படும். ஐடெல்லா அதையெல்லாம் ஒரு காதில் வாங்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நிற்பாள். இடம் இருந்தாலும் நிற்பாள்.

வாரத்தில் ஆறு நாள், ஆறு வீடு. செவ்வாய்க்கிழமை மிஸ் லெனோர் வீட்டில் துணி துவைத்து இஸ்திரி போடுவது; கல்யாணமானவள்தான், ஆனாலும் வேலைக்காரர்கள் வாயில் மிஸ்தான். வெள்ளிக்கிழமை டாக்டரின் விதவை மிஸஸ் பெல் வீட்டில் தரை, ஜன்னல், வெள்ளிச் சாமான்கள். மற்ற நாட்கள் வேறு வேறு வீடுகள். ஒரு வீட்டிலும் இரண்டாவது நாள் என்ற பேச்சே கிடையாது. அதை அவள் வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தாள்.

சின்ன வயதில் அவள் பதினோரு வருஷம் ஒரே வீட்டில் தங்கி வேலை செய்தவள். சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை, ஞாயிறு மத்தியானம் மட்டும் விடுப்பு. அந்த வீட்டின் முதல் சமையல்காரி பெயர் மேட்டி. அவள் செத்த பிறகு யார் வந்தாலும் மேட்டிதான். புதுப் பெயர் பழகுவது பிள்ளைகளுக்குக் கஷ்டமாம். ஐடெல்லா பதினோரு வருஷம் மேட்டியாக இருந்தாள். அவள் புருஷன் ஏமஸ், ஊருக்கு வெளியே பருத்திக் காட்டில் குத்தகைக்கு உழுதவன், காய்ச்சலில் கிடக்கிறான் என்று ஆள் வந்து சொன்னபோது வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். சாப்பாட்டை முடித்துக் கொடுத்துவிட்டுப் போ மேட்டி என்றார்கள். கோழி பொரித்து, பரிமாறி, தட்டு கழுவி, அவள் போய்ச் சேர்ந்தபோது ஏமஸைத் துணியால் மூடியிருந்தார்கள்.

அடக்கம் முடிந்து அந்த வீட்டுக்கு அவள் திரும்பவில்லை. அன்றிலிருந்து தினக்கூலிதான். சாயங்காலம் ஏப்ரனைக் கழற்றினால் அந்த வீட்டோடு பேச்சு முடிந்தது. யாராவது எந்த வீட்டில் இருக்கிறாய் என்று கேட்டால், "என் வீட்டுல" என்பாள்.

பாத்திரமும் அவள் வாங்க மாட்டாள். வீட்டு வேலைக்குப் போகிற எல்லோருமே சாயங்காலம் ஒரு பாத்திரத்தோடுதான் இறங்குவார்கள். மிஞ்சின இறைச்சி, அரைத்துண்டு கேக், முந்தின நாள் ரொட்டி. அது தானமும் இல்லை, கூலியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. பாத்திரம் தருகிறோமே என்று கூலியைக் குறைத்து வைப்பார்கள். குறைந்த கூலிதானே என்று இவர்களும் பாத்திரத்தை எதிர்பார்ப்பார்கள். ஊரில் கூலி விகிதமே அந்தப் பாத்திரத்தை மனதில் வைத்துத்தான் ஓடியது. ஐடெல்லா மட்டும் கையை வீசிக்கொண்டு இறங்குவாள்.

"அக்கா எறங்குறதப் பாருங்க, பேங்க் மேனேஜர் மாதிரி," என்பாள் ராக்ஸி.

ராக்ஸி அவளைவிட முப்பது வயது இளையவள், இரண்டு வீடு தள்ளி இருப்பவள். ஐந்து பிள்ளைகள்; புருஷன் வேலை தேடி டெட்ராய்ட் போனவன், முதலில் பணம் அனுப்பினான், பிறகு தபால் அட்டை அனுப்பினான், பிறகு அதுவும் இல்லை. மிஸ் லெனோர் வீட்டில் வெள்ளிக்கிழமை ராக்ஸியுடையது. வியாழக்கிழமை தோறும் மிஸ் லெனோர் வீட்டில் சீமாட்டிகள் கூடிச் சீட்டாடுவார்கள். அதனால் வெள்ளிக்கிழமைப் பாத்திரம் அந்தத் தெருவிலேயே கனமானது. பன்றித்தொடை, கோழி, சில நாள் பாதி கேக் அப்படியே. மூடிபோட்ட நீல எனாமல் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ராக்ஸி பஸ்ஸில் வரும்போது பின்பக்கம் முழுக்க வாசனை வரும்.

அறுபத்துமூன்று வயதில் ஐடெல்லாவின் முழங்கால்கள் பேச ஆரம்பித்தன. மண்டியிட்டுத் தரை தேய்த்தே தேய்ந்த மூட்டுகள். படியேறும்போது சுவரைப் பிடித்தாள். பஸ்ஸில் இப்போதும் நின்றாள். உட்கார்ந்தால் எழ முடியாமல் போகுமோ என்ற பயம் சேர்ந்துகொண்டது. வேலை செய்ய முடியாத நாள் வந்தால் என்ன என்பதை நினைக்காமல் இருக்கத்தான் அவள் ராத்திரியில் அலமாரிகளை எடுத்து வைத்து அடுக்கினாள்.

அந்த வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் அரசாங்க அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞன் சர்ச்சுக்கு வந்து பேசினான். முதுமைக்கால ஓய்வுப்பணத் திட்டம் முதலில் வந்தபோது ஆலைக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் கிடைத்தது. சமையலறையையும் பருத்திக் காட்டையும் விட்டுவிட்டார்கள். இந்த ஊர்க் கறுப்பர்களில் பெரும்பாலோர் உழைத்த இடங்கள் அவை இரண்டும்தான். இப்போது வீட்டு வேலைக்காரர்களையும் சேர்த்துவிட்டோம் என்று அந்த வெள்ளைக்கார இளைஞன் சந்தோஷமாகச் சொன்னான். வேலை செய்பவர் கொஞ்சம், வேலைக்கு வைத்திருப்பவர் அதே அளவு, இருவருமாகக் கட்ட வேண்டும். ஐடெல்லாவின் வயதுக்காரர்கள் ஒன்றரை வருஷம் கட்டினாலே போதும். அறுபத்தைந்தில் மாதாமாதம் செக் வரும், சாகும் வரை.

ஆனால் ஒரே வீட்டில் வாரத்தில் இரண்டு நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஐம்பது டாலராவது அந்த வீட்டிலிருந்து ரொக்கமாகக் கைக்கு வந்திருக்க வேண்டும். சாப்பாடு, துணிமணி எதுவும் சேராது.

ஐடெல்லா எழுந்தாள். அவன் பெயர் கேட்டான்; பேரன் வயதுக்காரன், பெயர் சொல்லியே பேசினான்.

"ஆறு வீட்டுல ஆறு நாள் ஒழைக்கிறவளுக்கு என்ன சார்?"

"ஒவ்வொரு வீட்டுலயும் ரெண்டு நாள் இருக்கா, ஐடெல்லா?"

"ஒவ்வொரு நாள்தான்."

"அப்ப எந்த வீடும் கணக்குல வராது. ஒவ்வொரு வீடும் தனி முதலாளி. சேத்துக் கூட்ட முடியாது."

"ஆறு நாளும் இதே ரெண்டு கைதானே சார் வேலை செய்யுது?"

சர்ச்சில் யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, முகம் சிவந்தது. சட்டம் தான் எழுதியது அல்ல என்றான். அது உண்மைதான்.

அன்று மத்தியானம் அவள் வீட்டுக்குப் போகவில்லை. தெருத்தெருவாக நடந்தாள். யாருக்கும் சொந்தமாக இருக்கக் கூடாதென்று இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக வாரத்தைத் துண்டுதுண்டாக வெட்டி வைத்திருந்தாள். அப்படி வெட்டியதால்தான் இப்போது ஒரு துண்டும் சட்டத்தின் கண்ணில் படவில்லை. அந்தப் பின்னறையில் மேட்டியாகவே கிடந்திருந்தால் அறுபத்தைந்தில் செக் தானாக வந்துவிடும். அந்த எண்ணம் வந்ததும் நடையை இன்னும் வேகமாக்கினாள், அதை முந்திவிடலாம் என்பது போல. திங்கட்கிழமை பஸ்ஸில் யாரோ, அரசாங்கத்துக்காரர்கள் நம்மை மறந்துவிட்டார்கள் என்றதற்கு, "மறக்கல. எண்ணிப் பாத்துத்தான் விட்டுருக்காங்க," என்றாள். அவ்வளவுதான் அதைப் பற்றி அவள் பேசியது.

வழி அந்த வாரமே தெரிந்துவிட்டது. துணி துவைக்க ஒருத்தி, தரைக்கும் சமையலுக்கும் இன்னொருத்தி என்று பெரும்பாலான வீடுகளில் இரண்டு பேர் இரண்டு நாள் வந்துகொண்டிருந்தார்கள். மிஸ் லெனோர் வீட்டில் ஐடெல்லா செவ்வாய், ராக்ஸி வெள்ளி. டாக்டரின் விதவை வீட்டில் ராக்ஸி திங்கள், ஐடெல்லா வெள்ளி. இருவரும் வெள்ளிக்கிழமையை மட்டும் மாற்றிக்கொண்டால் ஆளுக்கு ஒரு வீடு இரண்டு நாளாகும். கூலி எல்லா இடத்திலும் ஒன்றுதான், நாளுக்கு இரண்டரை டாலர். இருவரும் சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள்.

ஐடெல்லா இதைப் பஸ்ஸில் ராக்ஸியிடம் சொன்னாள். பஸ் பாலத்தைத் தாண்டியது.

"அந்த விதவைக் கெழவி குருவி மாதிரி சாப்புடுறா அக்கா. அவ வீட்டுப் பாத்திரத்துல என்ன இருக்கும்? ஒரு பிஸ்கட், ரெண்டு பட்டாணி."

"அறுபத்தஞ்சு வயசுல உனக்கும் செக் வரும் ராக்ஸி."

"எனக்கு இன்னும் முப்பது வருஷம் கெடக்கு. என் பிள்ளைங்களுக்கு வெள்ளிக்கிழம கெடக்கு. அப்ப வர்ற சோத்துக்காக இப்பப் பட்டினி போடச் சொல்றியா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. இறங்கி நடக்கும்போது, ஐடெல்லாவின் வாய் தானாகச் சொல்லிவிட்டது: வெள்ளிக்கிழமைப் பாத்திரத்தைத் தானே வாங்கிக்கொண்டு வந்து ராக்ஸி வீட்டில் கொடுத்துவிடுவதாக.

ராக்ஸி நின்றுவிட்டாள். "நீ பாத்திரம் தூக்குவியா?"

"ஏன், எனக்குக் கையில்லையா?"

மிஸ் லெனோர் மோசமான மனுஷி அல்ல. ஐடெல்லா பாத்திரம் வாங்காததைத் தலைக்கனம் என்று எண்ணி இத்தனை வருஷமாக மனதில் வைத்திருந்தவள். இப்போது அவளே வந்து கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமையைத் தந்தாள். அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியதைக் கட்டுவதாகவும் ஒப்புக்கொண்டாள், கணவர் பார்த்துக்கொள்வார் என்று. முதல் வெள்ளிக்கிழமை நீல எனாமல் பாத்திரத்தைத் தன் கையாலேயே நிரப்பினாள். "இத முன்னாடியே கேட்டிருக்கலாமே நீ," என்றாள். ஐடெல்லா நன்றி சொன்னாள். அந்த வார்த்தை ஒரு நாள் முழுக்க அவள் வாயில் கசந்தது. பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது கேலியைவிட மோசமாக இருந்தது.

மூன்று மாதம் அப்படிப் போனது. முதல் தவணை கட்டியாயிற்று. இன்னும் ஐந்து தவணை.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிஸ் லெனோர் சமையலறை மேஜையில் வழக்கமான நோட்டுகளை வைக்கவில்லை. ஒன்றே கால் டாலர்தான் இருந்தது.

"மிச்சம் பாத்திரத்துக்கு," என்றாள், சாதாரணமாக. கணவர்தான் சொன்னாராம். கூலியும் கொடுத்து, சாப்பாடும் கொடுத்து, அதற்குமேல் அரசாங்கத்துக்கும் கட்டுவது எந்த ஊர் நியாயம்? சாப்பாடும் கூலியில் ஒரு பகுதிதானே. "உனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. அந்தச் சாப்பாட்டக் கடையில வாங்குனா இதவிட அதிகமாகும்."

ஐடெல்லாவுக்குப் பள்ளிக்கூடம் அதிகமில்லை, ஆனால் கூலியைக் கூட்டிப் பார்க்காத நாளில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டரை, வெள்ளிக்கிழமை ஒன்றே கால். மூன்று மாதத்துக்கு ஐம்பதைத் தொடாது. ஒரு டாலரும் சில்லறையும் குறையும். அந்த மனுஷர் பென்சிலை வைத்துக்கொண்டு அப்படிக் கணக்குப் போட்டாரா, தானாக அப்படி விழுந்ததா என்று அவளுக்குக் கடைசி வரை தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் என்ன.

பாத்திரம் மேஜைமேல் நிரம்பியிருந்தது. கோழி, பன்றித்தொடை, உருளைக்கிழங்கு.

"பாத்திரம் வேணாம் மேடம்," என்றாள். "ரொக்கமாவே குடுத்துருங்க."

மிஸ் லெனோரின் முகம் மாறியது. "நீதானே கேட்டே?"

"கேட்டேன். வயித்துக்கு ஒத்துக்கல."

"நீயே சமைச்சது உனக்கு ஒத்துக்கலையா?"

ஐடெல்லா தரையைப் பார்த்தாள். கீழே பார்ப்பது அவளுக்கு எப்போதும் வராது, அன்று வந்தது. "வயசாயிருச்சு மேடம். கொழுப்பு சேர மாட்டேங்குது."

உன்னைப் போன்றவர்களுக்கு என்ன செய்தாலும் நிறைவு இல்லை என்ற அர்த்தத்தில் மிஸ் லெனோர் ஏதோ முணுமுணுத்தாள். பையைத் திறந்து இன்னொரு ஒன்றே கால் டாலரை எண்ணி வைத்தாள். கோழியைக் குப்பைக் கூடையில் கொட்டச் சொன்னாள். ஐடெல்லா கொட்டினாள். வெறும் பாத்திரத்தைக் கழுவி, மூடிபோட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பஸ்ஸில் ஏறியதும்தான் ராக்ஸியின் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். ஐந்து முகமும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பாத்திரம் நின்றுவிட்டது என்றால் ராக்ஸி வெள்ளிக்கிழமையைத் திருப்பிக் கேட்பாள். கேட்பது அவள் உரிமை. கேட்காவிட்டாலும் ஐடெல்லா தானே கொடுத்துவிட வேண்டியிருக்கும், கொடுத்த வாக்கு அது. வெள்ளிக்கிழமை கைவிட்டுப் போனால் செக்கும் போகும். வெறும் பாத்திரம் மடியில் இல்லை, கையில் தொங்கிக்கொண்டு கம்பியில் இடித்துச் சத்தம் போட்டது.

தன் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கினாள். கறுப்பர் கடை ஒன்றில் கோழியும் புகைபோட்ட பன்றிக்காலும் வாங்கினாள். வீட்டுக்குப் போய்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்பை மூட்டினாள். கோழியைப் பொரித்தாள், கீரையைப் பன்றிக்காலோடு வேக வைத்தாள், சோள ரொட்டி சுட்டாள். எல்லாவற்றையும் எனாமல் பாத்திரத்தில் அடுக்கி, மேலே காகிதம் வைத்து, மிஸ் லெனோர் மூடுவது போலவே மூடியைப் போட்டுத் துணியால் கட்டினாள். ராக்ஸி வீட்டு வாசலில் கொடுக்கும்போது, இன்று சீமாட்டிகள் லேட்டாகத்தான் போனார்கள் என்றாள். அவர்கள் வந்தது முந்தின நாள் என்பது இருவருக்குமே தோன்றவில்லை, அல்லது தோன்றாதது போல இருந்தார்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். அன்றைய கூலியில் பாதிக்குமேல் பாத்திரத்துக்குள் போயிற்று. வெள்ளிக்கிழமை முழுக்கத் தரை தேய்த்துவிட்டு, சாயங்காலம் இன்னொரு சமையல். கால் வீங்கினால் துணியை வெந்நீரில் நனைத்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். ஆகஸ்டில் மிஸ் லெனோர் குடும்பம் மலைப்பக்கம் போனபோது, நாட்கள் குறைந்துவிடுமே என்று, பூட்டிய வீட்டைத் தூசி தட்டித் தருகிறேன் என்று கெஞ்சிச் சாவி வாங்கினாள். யாரும் இல்லாத அறைகளில் சுத்தமான மேஜைகளைத் துடைத்தாள். ராத்திரியில் தூக்கம் இல்லை. எத்தனை தவணை ஆயிற்று என்று எண்ணுவாள். எழுந்து ஜன்னலைத் திறப்பாள், மூடுவாள். தபால் நிலையத்துக்கு மேலே இருந்த அலுவலகத்துக்கு இருமுறை போய், மிஸ் லெனோரின் கணவர் உண்மையிலேயே கட்டியிருக்கிறாரா என்று கேட்டாள். கட்டியிருந்தார். அதற்காக அந்த மனுஷரை அவள் கொஞ்சம் மன்னித்தாள்.

கடைசித் தவணை ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நவம்பர் வெள்ளிக்கிழமை, மிஸ் லெனோர் வீட்டுச் சமையலறையில் மண்டியிட்டவளால் எழ முடியவில்லை. வீட்டுக்காரி வெளியே போயிருந்தாள். ஐடெல்லா மேஜைக் காலைப் பிடித்துப் பார்த்தாள், நாற்காலியைப் பிடித்துப் பார்த்தாள். வாளித் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. முன்கூடமும் சாப்பாட்டு அறையும் அப்படியே கிடந்தன. முடிக்காமல் விட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். இன்னும் ஆறு வாரம் பாக்கி.

பின்கதவில் நிழல் விழுந்தது. ராக்ஸி. விதவை வீட்டில் வெள்ளிக்கிழமை வேலை மத்தியானத்திலேயே முடிந்துவிடும். பின்சந்து வழியாக நடந்து வந்திருக்கிறாள். பஸ்ஸில் காலையில் ஐடெல்லா காலை இழுத்து நடந்ததைப் பார்த்தாளாம்.

அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டு தரையில் இறங்கினாள்.

"நீ போ. யாராவது பாத்தா?"

"பாக்கட்டும். நீ இந்த வீட்டுக்குள்ள இருக்குறே. கூலி உன்னோடது. சட்டத்துல தரை தேய்க்கிற கை யாரோடதுன்னு எழுதல இல்ல?"

ஐடெல்லா நாற்காலியின் நுனியில் இருந்தாள். பக்கத்தில் இருந்த வெள்ளிக் கரண்டியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். ராக்ஸி ஈரத் தரையில் முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்:

"இன்னைக்கு நீ சமைக்க வேணாம். நான் பாத்துக்குறேன்."

கரண்டி நின்றது.

"இந்த வீட்டுல நாலு வருஷம் சமைச்சிருக்கேன் அக்கா. இந்தம்மாவுக்கு மிளகாய் பேரக் கேட்டாலே இருமல் வரும். பாத்திரத்துல இருக்குறது உன் கைச் சமையல்னு மொத வாரமே தெரிஞ்சுபோச்சு. பிள்ளைங்க தண்ணி தண்ணின்னு ஓடுனதுங்க."

"தெரிஞ்சும் வாங்குனியா?"

"வாங்குனேன்."

"ஒரு வருஷமாவா?"

ராக்ஸி பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டுக் குதிகாலில் உட்கார்ந்தாள். "பிள்ளைங்க சாப்ட்டுச்சுங்க, பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு நாள் வேணாம்னு சொல்லப் பாத்தேன். சொன்னா அடுத்த நாளே வெள்ளிக்கிழமைய எங்கிட்டத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருவே. உன்ன எனக்குத் தெரியாதா? வாய மூடிக்கிட்டுத் தின்னோம்."

மறுபடி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, "ஆனா உப்பு கொஞ்சம் கூடத்தான் போடுறே," என்றாள்.

ஐடெல்லா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை அந்த வீட்டுச் சமையலறை அதுவரை கேட்டதில்லை. பாத்திரத்துக்காகக் கூலியில் பிடிக்கப் பார்த்த கதையையும் அன்றுதான் ராக்ஸியிடம் சொன்னாள். மிச்சமிருந்த ஆறு வெள்ளிக்கிழமையும் ராக்ஸி பின்சந்து வழியாக வந்தாள்.

பிப்ரவரியில் ஐடெல்லாவுக்கு அறுபத்தைந்து ஆனது. மார்ச்சில் முதல் செக் வந்தது. பெரிய தொகை இல்லை. வாடகைக்கும் மளிகைக்கும் சரியாக இருந்தது. அதில் அவளுடைய சொந்தப் பெயர் அச்சடித்திருந்தது. அதை மேஜைமேல் வைத்து, எதிரே நின்று பார்த்தாள்.

ஓய்வு அவளுக்கு வரவில்லை. இரண்டாவது வாரமே விடிகாலையில் எழுந்து பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள், ஏறுவதற்கு அல்ல. நிற்கிறவர்களிடம் எந்த வீடு, வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்டாள். ஒரு நாள் என்றால் இன்னொரு நாள் கேள் என்றாள். வீட்டுக்காரி ஒத்துக்கொள்ளாவிட்டால் யாரோடு நாளை மாற்றிக்கொள்ளலாம் என்று யோசித்து மறுநாள் வந்து சொன்னாள். எதைக் கொடுத்தாலும் ரொக்கமாகத் தரச் சொல்லு என்றாள். சிலர் மாற்றினார்கள். சிலர் அவளைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போனார்கள். காலையில் எழுந்ததும் யாருக்குக் கிழவியாவதைப் பற்றிக் கேட்கப் பிடிக்கும். அவள் விடவில்லை. செக் வந்த பிறகு அவளுடைய பரபரப்பு குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். தனக்காகப் படபடத்தவள், அந்த விசாரம் தீர்ந்ததும் ஊருக்காகப் படபடத்தாள்.

அக்டோபரில் இறந்தாள். மாரடைப்பு. ஏழு செக் வாங்கியிருந்தாள். எட்டாவது வந்தது, அதைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

அடக்கத்துக்கு மிஸ் லெனோர் வந்தாள். இந்த ஊரில் அது வழக்கம்தான். வேலைக்காரி செத்தால் வீட்டுக்காரி வந்து முன்வரிசையில் உட்காருவாள், பாதிரியார் இரண்டு வார்த்தை பேசச் சொல்லுவார். மிஸ் லெனோர் பேசினாள். கண்ணீர் உண்மையாகவே வந்தது. எங்கள் ஐடெல்லா எங்கள் வீட்டில் ஒருத்தி மாதிரி என்றாள். பெஞ்சுகளில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெட்டிக்குள் இருந்தவள் எழுந்து வெளியே போயிருப்பாள், முடிந்திருந்தால்.

பிறகு சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. நீளமான மேஜைகளில் பெண்கள் கொண்டுவந்து வைத்த பொரித்த கோழி, பன்றிக்காலோடு வெந்த கீரை, தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பணியாரம். மிஸ் லெனோர் உட்காரவில்லை, கார் காத்திருந்தது. எல்லோரிடமும் தலையசைத்துக்கொண்டு வாசலுக்குப் போனவளை ராக்ஸி நிறுத்தினாள். கையில் மூடிபோட்டு, துணியால் கட்டிய அந்த நீல எனாமல் பாத்திரம்.

மிஸ் லெனோருக்குப் பாத்திரம் அடையாளம் தெரிந்தது. தன் கையாலேயே எத்தனையோ தடவை நிரப்பியது. அதை எப்படி வாங்குவது என்று மட்டும் தெரியவில்லை. கைகளை முன்னால் நீட்டினாள், பின்னால் இழுத்தாள். கையுறை அழுக்காகும் என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு கையுறையைக் கழற்றினாள். சுற்றி நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐடெல்லா வீட்டுச் சாப்பாடு, மேடம்," என்றாள் ராக்ஸி, மிக மரியாதையாக. "கொஞ்சம் காரமா இருக்கும். எடுத்துட்டுப் போங்க. இதுக்காகக் கூலியில ஒண்ணும் கழிக்க மாட்டோம்."

மிஸ் லெனோர் நன்றி என்றாள். அந்த வார்த்தை அவள் வாயில் என்ன ருசியாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பாத்திரத்தை உடம்பில் படாமல் தூரப் பிடித்துக்கொண்டு, துணிக்குள் மூடி கடகடக்க, படியேறிப் போனாள். கார் கிளம்பிய பிறகும், அந்தச் சத்தம் ராக்ஸியின் காதில் இருந்துகொண்டே இருந்தது.